பூசணிக் காம்பு வழியாகப் பீகிங்

சியூ யுன்-ஃபூ ஏழு வருஷம் தப்பான திசையைப் பார்த்து ஏங்கியவன். அதற்கு அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதில், சீனப் பேரரசின் செலவில் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்ட நூற்றுச் சொச்சம் பையன்களில் அவனும் ஒருவன். ஷாங்காயில் கப்பலேறினால் ஒரு மாதம் கடல். இறங்கினால் ஏழு நாள் ரயில். போன வழியெல்லாம் சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் விழுந்தது. ஆகவே சூரியன் விழுகிற பக்கம் வீடு என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான்.

கனெக்டிகட்டில் அவனைத் தங்கவைத்த ஸ்டோடார்ட் குடும்பத்தின் வீட்டுக்குக் கொல்லைப்புறத்தில் நாலு படிகள் உண்டு. மூன்றாவது படியில் மேற்கே பார்த்து உட்கார்ந்து அழுவான். முதல் வருஷம் தினமும் அழுதான். இரண்டாம் வருஷம் ஞாயிறு மட்டும். மூன்றாம் வருஷத்திலிருந்து மழை பெய்தால் அன்றைக்கு விடுமுறை.

ஸ்டோடார்ட் அம்மா அவன் அழும்போது பேசமாட்டாள். ஆப்பிளை நறுக்கி, இலவங்கப்பட்டை தூவி, மாவால் மூடிச் சுட்ட ஆப்பிள் பலகாரத்தில் ஒரு துண்டைத் தட்டில் வைத்துப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். திருவாளர் ஸ்டோடார்ட் எப்போதுமே பேசமாட்டார். அந்த ஏழு வருஷத்தில் அவர் மொத்தம் பதினோரு வாக்கியம் பேசியிருந்தார். அதில் நாலு வைக்கோலைப் பற்றியது.

பத்தொன்பது வயதில் யுன்-ஃபூ கல்லூரியில் சேர்ந்து பாலம் கட்டும் படிப்புப் படித்தான். மூன்று வருஷப் படிப்பு. முதல் வருஷம் பனிக்காலத்தில், உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி எது என்று கண்டுபிடிக்கும் கணக்கைப் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தார். மற்ற மாணவர்கள் லண்டனுக்கும் லிஸ்பனுக்கும் போட்டுப் பார்த்தார்கள். யுன்-ஃபூ வீட்டுக்குப் போட்டான்.

விடை வடக்கு என்று வந்தது. வடக்கு, ஒரு இம்மி மேற்கே சாய்ந்து.

பதினோரு தடவை போட்டான். பதினோரு தடவையும் வடக்குதான். ஸ்டோடார்ட் வீட்டுக் கொல்லைப் படியிலிருந்து பார்த்தால் வடக்கே இருப்பது வைக்கோல் களஞ்சியம். சீனா அந்தக் களஞ்சியத்துக் கூரைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. இவனோ ஏழு வருஷமாகப் பக்கத்து வீட்டுப் பசுமாட்டைப் பார்த்து அழுதிருக்கிறான்.

அவன் அதைத் தன் சிநேகிதன் டாங் பாக்-ஹிங்கிடம் சொன்னான். பாக்-ஹிங் அவனோடு ஒரே கப்பலில் வந்தவன்; எதைக் கேட்டாலும் முதலில் வயிற்றைத் தடவிக்கொண்டு யோசிப்பவன்.

"அதனால இப்ப என்னடா? திரும்பி உக்காந்து மறுபடியும் மொதல்லேருந்து அழப் போறியா?"

"அழலடா. ஆனா தெரிஞ்சு போச்சே. தெரிஞ்சப்புறம் எப்படி மேற்கே பாக்கறது?"

"கழுத்தைத் திருப்பாம பாரு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க."

இந்தப் புத்திமதியை யுன்-ஃபூ கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கோடை விடுமுறையில் அந்தப் பக்கத்துப் பையன்கள் நாற்பது பேரும் 'பெரிய வீடு' என்று அவர்கள் அழைத்த மாளிகைக்குப் போய், மறந்துபோன சீன எழுத்துகளை ஆறு வாரம் எழுதித் தீர்க்க வேண்டும். அங்கே பாடம் சொல்பவர் ஷெக் வாத்தியார். எட்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தொகுதிப் பையன்களோடு வந்தவர். இத்தனை காலத்தில் அவர் கற்றுக்கொண்ட ஆங்கிலச் சொற்கள் மூன்று: ஆமாம், இல்லை, உருளைக்கிழங்கு. இவற்றை வைத்தே அவர் ஒரு முறை ரயில் டிக்கெட் வாங்கியிருக்கிறார், ஒரு குதிரையை விலைபேசி வேண்டாமென்றிருக்கிறார், ஒரு பாதிரியாரோடு மதத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதாடி ஜெயித்தும் இருக்கிறார்.

அந்த வருஷம் பெரிய வீட்டுக்குப் புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்திருந்தார். எப்போதும் மூக்குப்பொடிக் குப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பார். பையன்கள் வைத்த பெயர் பொடிக்குப்பி. இந்தப் பையன்கள் வெள்ளைக்காரர்களாக மாறிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தவர் அவர். பையன்கள் ஓடினால் அது வெள்ளைக்கார ஓட்டம். தும்மினால் அது வெள்ளைக்காரத் தும்மல். இரண்டு பேரை ஏற்கெனவே ஊருக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. மூன்றாவது யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் பேரரசரின் பிறந்தநாள் வந்தது. பேரரசருக்கு அன்று ஒன்பது வயது. பெரிய கூடத்தின் மேற்குச் சுவரில் மேசை போட்டு, பெயர்ப்பலகை மாட்டி, ஊதுபத்தி கொளுத்தி, நாற்பது பையன்களும் நல்ல பட்டு அங்கியோடு வரிசையாக நின்றார்கள். மூன்று முறை மண்டியிட வேண்டும். மண்டியிடும் ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றியால் தரையைத் தொட வேண்டும். யுன்-ஃபூ வலது கோடியில் நின்றான். அவனுக்கு வலப்பக்கம், அதாவது வடக்கே, சமையலறைக் கதவு.

வாத்தியார் குரல் கொடுத்தார். நாற்பது பேர் மண்டியிட்டார்கள். முப்பத்தொன்பது பேர் மேற்கே பார்த்தார்கள்.

தான் வேண்டுமென்று திரும்பவில்லை என்று யுன்-ஃபூ சாகும்வரை சத்தியம் செய்தான். முழங்கால் தானாகத் திரும்பியது. பொய்யான திசையில் கும்பிடுவது பேரரசருக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி இருந்ததாம்.

இதிலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் சரியாக அந்த நேரத்தில், பையன்களுக்குக் கோடை ஆப்பிளில் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு பதினாலு மைல் வண்டியில் வந்த ஸ்டோடார்ட் அம்மா சமையலறைக் கதவைத் திறந்தாள். சமையலறை அடுப்பில் மறுபடி சூடாக்கி, கையில் ஆவி பறக்கும் தட்டோடு வாசலில் நின்றாள். எதிரே தன் வளர்ப்புப் பிள்ளை பட்டு அங்கியில் தன்னைப் பார்த்து மண்டியிட்டு நெற்றியைத் தரையில் மோதிக்கொண்டிருந்தான். அவள் மரியாதை தெரிந்த பெண். அவன் ஒவ்வொரு முறை குனிந்தபோதும் தட்டைச் சாய்க்காமல் முழங்காலை மடித்துப் பதில் வணக்கம் செய்தாள். ஒன்பது முறை.

பொடிக்குப்பி எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரு பொம்பளைக்கு!" என்று அவர் கத்தியதில் ஊதுபத்தி அணைந்தது. "பேரரசருக்குப் பண்ண வேண்டியதை ஒரு வெள்ளைக்காரப் பொம்பளைக்கு! அதுவும் கையில தின்பண்டத்தோட நிக்கறவளுக்கு!"

"ஐயா, நான் வடக்கே..."

"வாயை மூடுடா! வெள்ளிக்கிழமைத் தபால்ல கடிதம் போகுது. அடுத்த கப்பல்ல நீ போற."

ஸ்டோடார்ட் அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. "எல்லாருக்கும் போதுமா கண்ணு? வண்டியில இன்னும் மூணு இருக்கு" என்றாள்.

பாக்-ஹிங் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு வந்தான். "இலவங்கப்பட்டை போதாது" என்றான். ஏழு வருஷமாக அவள் சுட்ட எல்லாவற்றுக்கும் அவன் சொல்கிற ஒரே தீர்ப்பு அது. பிறகுதான் யுன்-ஃபூவின் முகத்தைப் பார்த்தான்.

"என்னடா, நிஜமாவே அனுப்பிடுவாரா?"

"இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்குடா. பாதிப் பாலத்துல நிக்கறேன். இப்படியே போனா நான் எதுக்கு ஆவேன்?"

"பாதி ஆத்துக்கு ஆவ."

யுன்-ஃபூ சிரிக்கவில்லை. பாலத்தை மட்டும் நினைத்து அவன் பயப்படவில்லை. கொல்லைப் படி, அந்தத் தட்டு, பதினோரு வாக்கியம் பேசிய மனிதர், இவையெல்லாம் வெள்ளிக்கிழமைத் தபாலோடு போய்விடும். ஏழு வருஷம் ஊருக்காக அழுதவனுக்கு, இப்போது ஊருக்கு அனுப்புகிறேன் என்றதும் அழுகை வந்தது. எந்தப் பக்கம் பார்த்து அழுவதென்றுதான் தெரியவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை அவன் மேற்பார்வையாளரிடம் கணக்கை எடுத்துக்கொண்டு போனான். அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "வெள்ளைக்கார எழுத்து" என்று கொடுத்துவிட்டார்.

விஷயம் அதற்குள் ஸ்டோடார்ட் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை காலையில் பெரிய வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. வண்டியில் ஒரு பூசணிக்காய். அந்த வருஷம் ஸ்டோடார்ட் தோட்டத்தில் காய்த்தது. அது பெருத்துக்கொண்டே போனதில் வேலியை மூன்று முறை தள்ளிப்போட்டார்கள், நாலாவது முறை பக்கத்து வீட்டுக்காரர் தாமாகவே நிலத்தை விட்டுக்கொடுத்தார் என்று சொல்வார்கள். அதன் நிழலில் ஒரு கன்றுக்குட்டி தூங்கியதை மட்டும் யுன்-ஃபூ தன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

திருவாளர் ஸ்டோடார்ட் வண்டியிலிருந்து இறங்கினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம் பன்னிரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார்.

"அந்தாளுக்கு உருண்டையாக் காட்டு."

எட்டுப் பையன்கள் பூசணிக்காயைக் கூடத்துக்கு உருட்டி வந்தார்கள். மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து பொடி உறிஞ்சினார். ஷெக் வாத்தியார் பக்கத்தில் நின்றார்.

யுன்-ஃபூ இரண்டு ஆணிகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினான்.

"ஐயா, இது உலகம். இந்தக் காம்பு இருக்கே, இதுதான் வடக்குக் கோடி. பேரரசர் இருக்கற பீகிங் இங்க." ஓர் ஆணியை அடித்தான். "நாம இருக்கற ஊர் காம்பிலேருந்து அதே தூரம்தான். ஆனா அந்தப் பக்கம்." சுற்றிப்போய் மறுபக்கத்தில் இரண்டாவது ஆணியை அடித்தான். "இப்ப நூலைக் கட்டி இழுக்கறேன். எந்தப் பக்கம் போகுதுன்னு நீங்களே பாருங்க."

நூலை இழுத்துக் கட்டினான். அது மேற்கே போகவில்லை, கிழக்கே போகவில்லை. நேராக மேலே ஏறி, காம்பை உரசிக்கொண்டு, மறுபக்கம் இறங்கியது.

மேற்பார்வையாளர் எழுந்தார். நூலை அவிழ்த்தார். மேற்குப் பக்கமாகச் சுற்றி இழுத்தார். நூல் எட்டவில்லை. முழங்கையளவு குறைந்தது. மறுபடி இழுத்தார். பட்டு அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பூசணிக்காயை முழங்காலால் முட்டுக்கொடுத்து இழுத்தார். உலகம் உருண்டதே தவிர நூல் எட்டவில்லை.

"இது பூசணிக்காய்" என்றார் மூச்சு வாங்க. "உலகம் இப்படி இருக்குன்னு யார் பாத்தா? என்ன வாத்தியாரே, உலகம் உருண்டையா?"

ஷெக் வாத்தியார் தாடியைத் தடவினார். "எட்டு வருஷமா இந்தப் பசங்க சொல்றாங்க. நான் இன்னும் ஒத்துக்கல."

யுன்-ஃபூ கீழே கிடந்த நூலைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"ஆனா எனக்கு வேற ஒரு சந்தேகம்" என்றார் வாத்தியார் மெதுவாக. "பேரரசர் சிம்மாசனத்துல எந்தத் திசை பாத்து உக்கார்றார் ஐயா?"

"தெற்கே. இது கூடத் தெரியாதா?"

"அப்ப எதிர நிக்கற பிரஜை எந்தத் திசை பாக்கணும்?"

மேற்பார்வையாளரின் பொடிக்குப்பி கையில் நின்றுவிட்டது.

"வடக்கே" என்றார் வாத்தியாரே. "உலகம் உருண்டையோ தட்டையோ, பிரஜை வடக்கேதான் பாக்கணும். பூசணிக்காய் மொளைக்கறதுக்கு முன்னாடியே சடங்கு நூல்ல எழுதியாச்சு. இந்த வீட்டுக்கு நாங்க வந்தப்ப மேற்குச் சுவர்லதான் ஆணி இருந்துது. மேசையைப் போட்டது நான். எட்டு வருஷமா நாம எல்லாரும் பேரரசருக்கு விலாவைக் காட்டிக்கிட்டு இருந்திருக்கோம். இந்த வருஷம் நீங்களும் காட்டிட்டீங்க."

"நானா?"

"முன்வரிசையில."

பாக்-ஹிங்குக்கு இருமல் வந்தது. அதை வெகுநேரம் அடக்க முடியவில்லை.

"கடிதம் எழுதறப்ப," என்று வாத்தியார் பணிவாகக் கேட்டார், "இந்தப் பையன் வடக்கே பாத்தான்னு மட்டும் போட்டாப் போதுமா? இல்ல மத்தவங்க எந்தப் பக்கம் பாத்தாங்கன்னும் எழுதணுமா? கேப்பாங்க ஐயா. பீகிங்ல சடங்கு இலாகாக்காரங்களுக்கு வேற வேலை கிடையாது."

மேற்பார்வையாளர் பூசணிக்காயைப் பார்த்தார். பிறகு யுன்-ஃபூவைப் பார்த்தார். பிறகு சமையல்காரரைக் கூப்பிட்டார்.

"இதை எடுத்துட்டுப் போய்ச் சமைச்சுடு. இப்பவே. ஒரு துண்டு மிச்சம் இருக்கக் கூடாது."

சாட்சியம் ஒன்றும் மிஞ்சவில்லை. நாற்பது பேர் மூன்று வேளை உலகத்தைத் தின்றார்கள். பாக்-ஹிங் தன் பங்குக்கு ஆசியாவை முழுக்க முடித்துவிட்டு, ஐரோப்பா கொஞ்சம் வேகவில்லை என்று குறை சொன்னான். வெள்ளிக்கிழமைத் தபாலில் கடிதம் போகவில்லை. சனிக்கிழமை காலையில் மேசை சத்தமில்லாமல் வடக்குச் சுவருக்கு, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், நகர்ந்திருந்தது.

அப்படி யுன்-ஃபூவுக்குக் கிடைத்தது ஒரு வருஷம்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி அவன் பிற்காலத்தில் அதிகம் சொன்னதில்லை. சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆற்றில் பனி உடைந்தது. திருவாளர் ஸ்டோடார்டோடு களஞ்சியத்துக் கூரைக்குப் பலகை அடித்தான். நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். படியில் வடக்கே பார்த்து உட்கார்ந்தான். ஆனால் அழவில்லை. தட்டு மட்டும் வழக்கம்போல வந்தது.

அடுத்த கோடையில் பீகிங்கிலிருந்து ஆணை வந்தது. ஒருவரை இருவரையல்ல, எல்லாரையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். யுன்-ஃபூவுக்குப் படிப்பு முடிய ஒரே வருஷம் பாக்கி.

ரயில் நிலையத்தில் ஸ்டோடார்ட் அம்மா அவனுடைய கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தாள்.

"நான் எந்தப் பக்கம் பாத்து உன்னை நெனச்சுக்கறது கண்ணு?"

"களஞ்சியத்துக் கூரைக்கு மேலம்மா. மேற்கேன்னு உக்காந்துடாதீங்க. அங்க வெறும் பசுமாடுதான்."

"சரி, கூரைக்கு மேல" என்றாள், கடைச் சாமான் பட்டியலை மனப்பாடம் செய்கிறவளைப் போல.

திருவாளர் ஸ்டோடார்ட் கையைப் பிடித்தார். விடவில்லை. ரயில் நகர்ந்தபோதும் விடாமல் பத்தடி கூடவே நடந்தார்.

யுன்-ஃபூ ஊருக்குப் போய், வடக்கே டியென்ட்சின் பக்கம் ரயில் பாதை போடுகிற இடத்தில் பொறியாளர் ஆனான். நாற்பத்திரண்டு பாலம் கட்டினான். ஒன்றுகூட இடியவில்லை. அதற்கு அவன் சொன்ன காரணம் எளியது: பாலங்கள் எப்படி இடிகின்றன என்பது கடைசி வருஷப் பாடம். அதை அவன் படிக்கவில்லை. எனவே அவனுடைய பாலங்களுக்கும் தெரியாது.

வருஷத்துக்கு இரண்டு கடிதம் வந்துகொண்டிருந்தது. ஒரு வசந்தத்தில் கையெழுத்து மாறி வந்தது. தாளில் இரண்டே வாக்கியம்; எழுதியவருக்கு அவை பதின்மூன்றாவதும் பதினாலாவதும்.

"அவள் போய்விட்டாள். நாற்காலி களஞ்சியத்தைப் பார்த்தபடியே இருக்கிறது."

அன்றைக்கு யுன்-ஃபூ தன் வீட்டு முற்றத்துக்குப் போய், திசையைக் கணக்கிட்டு, தன் நாற்காலியை வடக்கே திருப்பினான். வடக்கு, ஒரு இம்மி கிழக்கே சாய்ந்து. இந்தப் பக்கமிருந்து போட்டால் கணக்கு அப்படித்தான் வரும்.

பிறகு பேரரசர் போனார், குடியரசு வந்தது, ஆண்களின் சடைகள் போயின, தொப்பிகள் வந்தன. அறுபதை நெருங்கிய யுன்-ஃபூ மாலைதோறும் அதே நாற்காலியில் வடக்கே பார்த்து உட்கார்ந்தார். வருஷத்தில் ஒரு நாள், அந்தக் கடிதம் வந்த நாளில், எழுந்து மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றியால் தரையைத் தொடுவார். அக்கம்பக்கம் பேச ஆரம்பித்தது. ஒருநாள் பேட்டை அதிகாரி, சின்ன வயது, புதுத் தொப்பி, நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். அன்றைக்கு டாங் பாக்-ஹிங்கும் அங்கே இருந்தார். தந்தி இலாகாவில் ஓய்வுபெற்று இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். வயிறு மட்டும் ஓய்வு பெறவில்லை.

"பெரியவரே, தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க வடக்கே பாத்துக் கும்பிடறதாப் புகார். பழைய பேரரசருக்குத்தானே?"

"இல்ல தம்பி."

"பின்ன யாருக்கு?"

"தட்டுல ஆப்பிள் பலகாரம் வச்சுக்கிட்டு நிக்கற ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு" என்றார் யுன்-ஃபூ. "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே குத்தத்தை என் மேல சுமத்தினாங்க. அன்னிக்கு அது பொய்."

அதிகாரி பாக்-ஹிங்கைப் பார்த்தான். பாக்-ஹிங் கையை விரித்தார். "எழுதிக்கய்யா. அப்படியே எழுதிக்க. நான் சாட்சி. நானும் சாப்ட்டிருக்கேன்."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு போனான். திரும்பி வரவே இல்லை.

காற்று வடக்கிலிருந்து அடித்தது. முற்றத்து ஈச்சம்பாய் மேல் மஞ்சள் புழுதி படிந்தது. யுன்-ஃபூ கண்ணை மூடி, மூக்கை நிமிர்த்தினார்.

"வருதுடா" என்றார்.

"என்ன வருது? மண்ணு வருது."

"நல்லா மோந்து பாரு. காம்பு வழியா வருது. குறுக்கு வழியில்லையா, சூடு ஆறாம வரும்."

"டேய், உனக்கு வயசாச்சு."

"மோந்து பாருடா."

பாக்-ஹிங் முணுமுணுத்துக்கொண்டே தன் நாற்காலியை இழுத்து, அவருக்குப் பக்கத்தில் வடக்கே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். புழுதியை நன்றாக ஒருமுறை இழுத்தார்.

"இலவங்கப்பட்டை போதாது" என்றார்.